நாய் ஓயாமல் தும்முகிறதா? மூக்கில் எதையும் தடவாதீர்கள்

நாய் நாலு தும்மல் சேர்ந்தாற்போல் போட்டதும் "சளி பிடிச்சிருக்கு" என்று வீட்டில் கிடக்கும் தைலத்தை எடுத்து மூக்கில் தடவுகிறவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தைலத்தின் காரம் மூக்கின் உள்சவ்வை எரிச்சலாக்கித் தும்மலைக் கூட்டும், நக்கி விழுங்கிவிட்டால் அதிலுள்ள கற்பூரம் நாய்க்கு விஷம். எண்ணெய் விடுவதும் ஆபத்து, நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் போய் முடியும். நமக்கு வாங்கிய சளி மாத்திரையும் வேண்டாம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் எல்லாமே நாயின் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த மூக்குத் துவாரத்திலிருந்து ஒழுகுகிறது என்பதை. ஒரு பக்கம் மட்டும் என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம். புல் விதையாக இருக்கலாம்; குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தில் சுற்றி ஓடைத் தண்ணீர் குடிக்கிற நாய் என்றால் அட்டையாகவும் இருக்கலாம். வால் வெளியே தெரிகிறதே என்று இடுக்கியால் இழுக்காதீர்கள், உப்புத் தண்ணீரோ புகையிலைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும்.

வயதான நாய்க்குப் பல்லையும் பார்க்கணும், இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான், வேரில் சீழ் பிடித்தால் அது அரித்துக்கொண்டு மூக்கு வழியாக வரும். ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் கொஞ்ச நாள் நிற்கும், பல்லைக் கவனிக்காதவரை திரும்பத் திரும்ப வரும். பல் நன்றாக இருந்தும் ஒரு பக்கம் ரத்தமும் சளியுமாக வந்துகொண்டே இருந்தால் பூஞ்சை அல்லது மூக்குக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உண்ணி ஏறிய நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் வெயில் சூடு என்று மோர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள், உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யணும், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இரண்டு பக்கமும் தண்ணீர் மாதிரி ஒழுகினால் பெரும்பாலும் புகை, தூசி. கொசுவர்த்தி, சாம்பிராணி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை, ஆரல்வாய்மொழி பக்கம் என்றால் ஆடிக் காற்றில் வரும் புழுதி. அதிலிருந்து நாயை விலக்கிக் கட்டிப் பாருங்கள். ஆனால் குட்டிக்குத் தும்மலோடு கண்ணில் பீளையும் காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்கிற உயிர்க்கொல்லி வைரஸ் நோயாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது: குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்த ஊசிகள். முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அந்த ஒன்று போதாது.

அப்புறம், பக் மாதிரி சின்ன நாய்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு கொர் கொர் என்று மூச்சை உள்ளே இழுக்கும், அது தலைகீழ்த் தும்மல். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று பயந்து வாய்க்குள் விரலை விடாதீர்கள், போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அடங்காமல் ஈறு நீலமாக மாறினால் மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.