ஷவல் நைட் ஆரம்பிக்கப் போறீங்களா, முதல்ல கீழ குத்தப் பழகுங்க

ஷவல் நைட் பாக்க பழைய எட்டு பிட் கேம் மாதிரியே இருக்கும், ஆனா வந்தது 2014ல தான், யாட் கிளப் கேம்ஸ்னு ஒரு சின்ன டீம் கிக்ஸ்டார்ட்டர்ங்கிற நிதி திரட்டுற சைட்ல மக்கள்கிட்ட பணம் திரட்டி செஞ்சது. புதுசா விளையாடுறவங்க நேரா ஓடிப்போய் ஹீரோ கைல இருக்குற ஷவலால, அதாவது மண்வாரியால, அடிச்சிட்டே இருப்பாங்க, நாலு தடவ செத்ததும் கஷ்டம்பான்னு மூடி வெச்சிடுவாங்க.

குதிச்சு காத்துல இருக்கும்போது கீழ் பட்டனை அழுத்துங்க, ஷவல் நுனி கீழ பாக்க திரும்பும், எதிரி தலைல விழுந்தா அவனுக்கும் அடி, நீங்களும் மறுபடி மேல எழும்புவீங்க. எழும்புற நேரத்துல லேசா நகர்ந்து அடுத்தவன் தலைக்குப் போகணும், அப்படியே தரையே தொடாம பள்ளத்தை தாண்டிடலாம், இந்த கேமோட மொத்த சுகமும் இதுலதான் இருக்கு. முதல் லெவல்லயே குமிழி ஊதுற பெரிய டிராகன் ஒண்ணு வரும், அவசரப்படாம அது தலைலயே பழகிக்கோங்க. கன்ட்ரோலர்ல அனலாக் ஸ்டிக் வேணாம், கூட்டல் குறி மாதிரி இருக்குற டி-பேட் பட்டன்தான் சரி, ஸ்டிக்ல கை லேசா சாஞ்சாலும் நினைக்காத நேரத்துல கீழ குத்திடும்.

இதுல லைஃப் கணக்கு கிடையாது. செத்தா தங்கத்துல கொஞ்சம் பை பையா அங்கயே மிதந்துட்டு இருக்கும், திரும்பப் போய் எடுத்துக்கலாம், எடுக்குறதுக்குள்ள மறுபடி செத்தா போச்சு. சில பை பள்ளத்து மேல நடு காத்துல தொங்கும், அதுக்கு ஆசைப்பட்டு குதிச்சு மறுபடி சாவோம், வேணும்னே அப்படி வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். செக்பாயிண்ட் விளக்கு இருக்குல்ல, அதையும் உடைக்கலாம், உடைச்சா காசு கொட்டும், ஆனா செத்தா அங்க இருந்து தொடங்க முடியாது. முதல் தடவ உடைக்காதீங்க. லெவல் முடிச்சப்புறம் திரும்ப போக முடியும், அப்ப பாதை தெரியும், எல்லாத்தையும் உடைச்சுத் தள்ளுங்க, பயமும் பேராசையும் சேர்ந்து ஒரு மாதிரி ஜாலியா இருக்கும்.

காசு வந்ததும் கிராமத்துல மீல் டிக்கெட் வாங்கி உயிர் அளவை ஏத்திக்கோங்க, கவசமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். லெவலுக்குள்ள நீலப் பெட்டி கண்ல பட்டா திறங்க, உள்ள செஸ்டர்னு ஒருத்தர் உக்காந்து ரெலிக் விப்பார், அதாவது ஸ்பெஷல் சக்தி தர்ற பொருள். ஃபேஸ் லாக்கெட் கிடைச்சா விடாதீங்க, கொஞ்ச நேரத்துக்கு எதுவும் உங்களைத் தொடாது, முள்ளு மேலயே நடக்கலாம்.

சவுண்டை மட்டும் மியூட் பண்ணிடாதீங்க ப்ளீஸ். மியூசிக் ஜேக் காஃப்மேன், கூட ரெண்டு டிராக் போட்டது 1987ல வந்த முதல் மெகா மேன் கேமுக்கு மியூசிக் போட்ட மனாமி மட்சுமாயே. பழைய கேம்ல ஸ்க்ரீன்ல ஆள் கூடினா உருவமெல்லாம் மினுக்கும், அதை இதுல எடுத்துட்டாங்க, ஸ்க்ரீனும் அகலம், அதனால எதிர்ல என்ன வருதுன்னு முன்னாடியே தெரியும். லெவல் கடைசில வர்ற பெரிய எதிரி, அதான் பாஸ், அவன் கிட்ட மாட்டினா முதல் ரவுண்டுல அடிக்கவே போகாதீங்க, என்னென்ன பண்றான்னு பாருங்க, எப்ப தலை கிடைக்குதோ அப்ப மேல ஏறி குத்துங்க.