இளவயது உயரமும் எடையும்: மூளைக் கட்டி பற்றிய செய்தியை மலையகப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்வது?

இளவயதில் உயரமாகவோ பருமனாகவோ இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூளைக் கட்டி வரலாம் என்ற செய்தியைப் படிக்கும் பெற்றோர், அது எந்தக் கட்டியைப் பற்றியது, எத்தனை பேரை ஆராய்ந்து சொல்லப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரை 8 ஆண்டுகள் வரை கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, மூளையின் துணைச் செல்களில் உருவாகும் கிளியோமா என்ற கட்டியைப் பற்றியது. 1.90 மீற்றரும் அதற்கு மேலும் உயரமானவர்களிடம் அது 1.60 மீற்றருக்குக் குறைந்தவர்களைவிட இரு மடங்காகவும், 18 வயதில் உடற் திணிவுச் சுட்டி (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், BMI) 30 முதல் 34.9 வரை இருந்தவர்களிடம் சாதாரண எடையுடையோரைவிட ஏறத்தாழ நான்கு மடங்காகவும் காணப்பட்டது. 15 முதல் 18 வயது வரை ஓடியாடிச் சுறுசுறுப்பாக இருந்தவர்களிடம், அப்படி இல்லாதவர்களைவிட அது 36 சதவீதம் குறைவாக இருந்தது.

மடங்குகளை மட்டும் பார்த்தால் அச்சம்தான் மிஞ்சும். அத்தனை பேரிலும் கட்டி கண்டவர்கள் 480 பேர், அதாவது ஆயிரத்தில் ஒருவர் அளவே. அத்துடன், 18 வயது எடையை ஆய்வில் பங்கேற்றவர்கள் 50 வயதைக் கடந்தபின் நினைவிலிருந்து கூறினார்கள். இந்தத் தொடர்பை வைத்து அதுவே காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

உயரத்தைப் பற்றிய பகுதியை நம் தோட்டங்களில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016ஆம் ஆண்டின் இலங்கைத் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். வளர வேண்டிய பிள்ளையின் முட்டையையும் பருப்பையும் பாலையும் குறைப்பது, உறுதியாகாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தை வளர்ப்பதாகும்.

பிள்ளை சரியாக வளர்கிறதா என்று அறிய வீட்டிலேயே உயரத்தை அளக்கும்போது, இஸ்தோப்பின் (வீட்டு முன் திண்ணையின்) தரை வெளிப்புறம் சரிந்திருந்தால் அறைக்குள்ளேயே சமதரையில் அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி பிள்ளையை நேரே பார்க்க நிறுத்தி, கெட்டி அட்டைப் புத்தகமொன்றை உச்சந்தலையில் மட்டமாக வைத்துச் சுவரில் பென்சில் கோடிட்டு, தரையிலிருந்து அளவு நாடாவால் அளந்து, திகதியோடு எழுதி வைக்க வேண்டும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சுட்டி கிடைக்கும்: 1.60 மீற்றர் உயரமுள்ள 18 வயதுப் பிள்ளைக்கு 30 என்பது 76.8 கிலோகிராம். அதற்கும் குறைந்த வயதினருக்கு வயது, பால் வாரியான வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட வேண்டும் என்பதால், பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் அலுவலரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ அந்தக் குறிப்பைக் காட்டுவதே முறை.

எடை கூடியிருந்தால் பட்டினி போடாமல், சீனி அள்ளிப்போட்ட தேநீரையும் சோடாவையும் பணிஸையும் குறைத்து, டியூஷன் முடிந்த மாலையிலாவது விளையாட விடுங்கள். நீரிழிவையும் இதயநோயையும் தள்ளிவைக்க இது உறுதியாக உதவும்.

மூளைக் கட்டிக்கு ஐயமின்றி அறியப்பட்ட காரணங்கள் வேறு: சிறுவயதில் தலைக்குக் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சையும் சில பரம்பரை நோய்களும். அவை இருந்தால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விடியற்காலைத் தலைவலியுடன் வாந்தி தொடர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, முன்னெப்போதும் இல்லாத வலிப்பு வந்தாலோ, தோட்ட டிஸ்பென்சரி மாத்திரையோடு நின்றுவிடாமல், உயரம் எடை எதுவாக இருந்தாலும் நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.