முதல் லெவல் நாயகர்கள் முதல் சண்டையிலேயே சாகாமலிருக்க: ஆன்லைனில் டி அண்ட் டி கேம்பெய்ன் தொடங்கும் முறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கேரக்டரை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதில் முதல் லெவல் மந்திரவாதிக்கு 7 அல்லது 8 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளிதான். ஒரு கோப்ளின் (குட்டிப் பூதம்) இரண்டு முறை சரியாக வெட்டினால் ஆள் கீழே விழுந்துவிடுவார். இதற்குப் பயந்தே பல டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) மூன்றாம் லெவலில் ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். வாளைப் பிடிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கதை என்றால், அந்த 8 பாயின்ட்தான் கதைக்கு உயிர். ஒரு கதவைத் திறக்கலாமா கூடாதா என்று நான்கு பேர் மனப்பூர்வமாகச் சண்டை போட்டுக்கொள்வது இந்த லெவலில்தான். அந்தப் பயத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கெட்ட உருட்டலில் கதை முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எண்கள் எல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு கிளாஸுக்கும் (மந்திரவாதி, வீரன் போன்ற வகை) ஒரே ஒரு சப்கிளாஸ்தான் (உட்பிரிவு) உண்டு. முதல் கேம்பெய்னுக்கு (பல நாள் ஆடும் தொடர்கதை) அது தாராளம். 2024இல் திருத்திய விதிகள் வந்திருக்கின்றன, அவற்றிலும் ஆடலாம். ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் பழைய விதியில் ஒரு எட்டுமுகப் பகடை, புதிய விதியில் இரண்டு. ஒருவர் பழைய புத்தகத்தையும் இன்னொருவர் புதிய புத்தகத்தையும் பார்த்து கேரக்டர் செய்தால், நடுச்சண்டையில் விதி வாதம் வரும். எந்தப் பதிப்பு என்பதை அழைப்புச் செய்தியின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ஆட்களும் நேரமும்

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. மூன்று பேர் வந்தால் ஆடுங்கள், இரண்டு பேர்தான் என்றால் தள்ளிவையுங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒருவர் வராத நாளில் மனக்கசப்பு வராது. ஆறு பேரைச் சேர்க்க ஆசை வரும். ஆன்லைனில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், ஆறாவது ஆள் தன் முறைக்காகக் காத்திருந்தே சலித்துப்போவார்.

ஒரு செஷனுக்கு (ஒரு நாள் ஆட்டத்துக்கு) இரண்டரை மணி நேரம், நடுவில் பத்து நிமிட இடைவேளை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் ஓடும். திரையின் முன்னால் மூன்றாவது மணி நேரத்தில் கவனம் சிதறிவிடும்.

தமிழ் பேசும் குழு என்றால் ஆட்கள் நாலு நாட்டில் இருப்பது வழக்கம். இந்தியாவில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் துபாயில் மாலை 6:30, சிங்கப்பூரில் இரவு 10:30, லண்டனில் பிற்பகல் 2:30, டொராண்டோவில் காலை 9:30. கோடைக்காலத்தில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் ஒரு மணி நேரம் கூடும். அந்த மாற்றம் பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு. அதனால் இடைப்பட்ட வாரங்களில் குழப்பம் நிச்சயம். டிஸ்கார்டில் செஷனை ஈவென்ட்டாகப் போட்டுவிட்டால் அவரவர் ஊர் நேரத்தில் காட்டும்.

கருவிகள்

குரலுக்கு டிஸ்கார்ட், மேப்புக்கு ஔல்பேர் ரோடியோ. தொடங்க இது போதும். ஔல்பேரில் மேப் படத்தைப் போட்டு, ஆட்களைக் குறிக்கும் டோக்கன்களை நகர்த்தலாம். ஆட வருகிறவர்கள் பிரவுசரில் இணைப்பைத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். கேரக்டர் ஷீட், பகடை, மேப் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் ரோல்20 என்ற இணையதளம். அதில் ஒரு கட்டம் 70 பிக்சல் என்பதால் 20க்கு 20 கட்ட மேப்பை 1400 பிக்சல் அகல உயரத்தில் தயாரித்து ஏற்றுங்கள். வேறு அளவில் வரைந்த மேப்பை அப்படியே போட்டால் கட்டக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், டோக்கன் இரண்டு கட்டத்துக்கு நடுவில் நிற்கும்.

இதே வேலைக்கு ஃபவுண்ட்ரியும் அருமையான மென்பொருள், டிஎம் ஒருவர் ஒரு முறை வாங்கினால் போதும். ஆனால் உங்கள் கணினியிலேயே அதை ஓட்டி மற்றவர்களை உள்ளே விட ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உங்கள் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்ய வேண்டும். இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி ஐபி முகவரி கிடையாது; பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. அந்த இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் வெளியாள் பொதுவாக உள்ளே வர முடியாது. அப்போது வாடகை சர்வர் போன்ற வேறு வழி தேட வேண்டும். முதல் கேம்பெய்னிலேயே இந்தத் தலைவலி வேண்டாம்.

குழுவில் யாராவது போனில் வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேப் படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். அவருக்கு மேப் சரியாகத் தெரியாவிட்டால், "உனக்கு இடது பக்கம் கதவு, நேரே இரண்டு எலி, பத்தடி தூரம்" என்று ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஹெட்செட் கட்டாயம். ஒருவர் ஸ்பீக்கரில் கேட்டாலும் மற்ற எல்லோருக்கும் அவரவர் குரலே எதிரொலிக்கும்.

செஷன் ஜீரோ

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் பேசுவதற்கு மட்டும். கேரக்டர்களை அன்றுதான், எல்லோரும் சேர்ந்து உருவாக்க வேண்டும். தனித்தனியாகச் செய்துகொண்டு வரச் சொன்னால் யாரோடும் ஒட்டாத நான்கு ஒற்றை ஓநாய்கள் வந்து நிற்கும்.

திறன் எண்களுக்குப் பகடை உருட்ட வேண்டாம். 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான வரிசையைக் கொடுங்கள். கேரக்டரின் வயது பதினான்கு என்பதற்காக எண்களைக் குறைக்கவும் கூடாது. முதல் லெவல் என்பதே போதுமான பலவீனம். மந்திரவாதி எடுப்பவரிடம் கான்ஸ்டிட்யூஷனில் (உடல் உறுதி) 14 வைக்கச் சொல்லுங்கள், 8 ஹிட் பாயின்ட் கிடைக்கும். நால்வரில் ஒருவரிடமாவது ஹீலிங் வேர்ட் மந்திரம் இருப்பது நல்லது. அது 60 அடி தூரத்திலிருந்து, வழக்கமான செயல் போகக் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில், விழுந்தவரை எழுப்பும். முதல் லெவலில் க்யூர் வூண்ட்ஸைவிட அதிக உயிர் காப்பது இதுதான்.

முன்கதை ஒவ்வொருவருக்கும் மூன்றே வரி. யாரிடம் தொழில் கற்கிறான், பெரியவர்களிடம் எதை மறைக்கிறான், மற்ற மூவரில் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் யாரையும் விடாதீர்கள், குழு ஒட்டுவது அதில்தான்.

நாயகர்கள் பிள்ளைகள் என்பதால் சில எல்லைகளை அன்றே வெளிப்படையாகப் பேச வேண்டும். வயதுக்கு வராத கேரக்டர்களுக்குக் காதல், பாலியல் காட்சிகள் எந்த வடிவிலும் கிடையாது. இதில் வாக்கெடுப்பே தேவையில்லை. குழந்தைகள் மீதான வன்முறை, பெற்றோர் சாவு, விலங்குகளை வதைப்பது போன்றவற்றில் யாருக்கு எது ஒவ்வாது என்பதை டிஎம்முக்குத் தனிச்செய்தியில் சொல்லலாம் என்று அறிவியுங்கள். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது ஒரு காட்சி தாங்காவிட்டால் சாட்டில் ஒரு 'எக்ஸ்' போட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிச் செல்லுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு முறை இது. ஆன்லைனில் முகம் தெரியாது என்பதால் இது இன்னும் அவசியம். ஆடுகிறவர்களே சிறுவர்கள் என்றால் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நேரமும் குழுவும் தெரிந்திருக்க வேண்டும்.

சண்டைக் கணக்கு

ஒரு சண்டை எவ்வளவு கடினம் என்று அளக்க, டிஎம்முக்கான இலவச பேசிக் ரூல்ஸில் ஒரு கணக்கு உண்டு. அளவுகோல் எக்ஸ்பி, அதாவது எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி. முதல் லெவலில் ஒரு ஆளுக்கு ஈஸி 25, மீடியம் 50, ஹார்ட் 75, டெட்லி 100 எக்ஸ்பி. நால்வருக்கு 100, 200, 300, 400. எதிரிகளின் எக்ஸ்பியைக் கூட்டி, இருவர் என்றால் ஒன்றரையாலும், மூன்று முதல் ஆறு பேர் என்றால் இரண்டாலும் பெருக்க வேண்டும். கோப்ளினுக்கு 50. இரண்டு கோப்ளின் 150, பரவாயில்லை. மூன்று கோப்ளின் 300, கடினம். நான்கு கோப்ளின் 400, அதாவது டெட்லி. "நாலு பேருக்கு நாலு பேர், சமம்தானே" என்று நினைத்து முதல் செஷனிலேயே குழுவைப் பலிகொடுப்பது இப்படித்தான்.

இந்தக் கணக்கு சொல்லாத ஆபத்தும் ஒன்று இருக்கிறது. பக்பேர் என்ற ஒற்றை எதிரிக்கு 200 எக்ஸ்பி. கணக்குப்படி மீடியம். ஆனால் அதன் ஒரு அடி இரண்டு எட்டுமுகப் பகடை கூட்டல் 2. ஹிட் பாயின்ட் பூஜ்யமான பிறகும் மிஞ்சிய சேதம் ஒருவரின் முழு ஹிட் பாயின்ட் அளவை எட்டினால் டெத் சேவ் (விழுந்தவர் பிழைப்பாரா என்று உருட்டும் பகடை) கூட இல்லாமல் அந்த இடத்திலேயே சாவு என்பது விதி. 8 பாயின்ட் மந்திரவாதிக்கு அந்த எல்லை 16. பக்பேரின் சாதாரண அடியில் 16 அல்லது அதற்கு மேல் வர 64இல் 6 வாய்ப்பு. மறைந்திருந்து பாய்ந்தால் இன்னும் இரண்டு ஆறுமுகப் பகடை சேரும். எனவே முதல் லெவலில் எக்ஸ்பியைப் பார்ப்பதற்கு முன் எதிரியின் ஒரு அடி அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். கோப்ளினின் சாதாரண அடி 8ஐத் தாண்டாது, ராட்சத எலியினுடையது 6ஐத் தாண்டாது. இவை முதல் செஷனுக்குப் பொருத்தம்.

எதிரிகள் எல்லோரும் ஒரே ஆளைக் குறிவைக்கவும் கூடாது. ஆர்மர் கிளாஸ் (அடிபடாமல் காக்கும் எண்) 12 உள்ள மந்திரவாதியைக் கோப்ளின் நூற்றுக்கு 65 முறை அடித்துவிடும். செயின் மெயில் கவசமும் கேடயமும் போட்ட 18 உள்ள வீரனை 35 முறைதான். மூன்று கோப்ளின் சேர்ந்து மந்திரவாதியை வளைத்தால் முதல் சுற்றிலேயே அவர் விழ வாய்ப்பு அதிகம். விழுந்தவரை மேலும் வெட்டவே வெட்டாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் மேல் ஐந்தடிக்குள்ளிருந்து விழும் அடி தானாகவே கிரிட்டிக்கல் (இரட்டைப் பகடை அடி). இரண்டு டெத் சேவ் தோல்வி அதிலேயே போய்விடும். கோப்ளின்கள் பிணத்தை விரும்புவதில்லை, பணயக் கைதியைத்தான் விரும்புகின்றன என்று வையுங்கள். தோற்றாலும் கதை தொடரும்.

மந்திரவாதி ஸ்லீப் (தூங்கவைக்கும் மந்திரம்) எடுத்திருந்தால் ஐந்து எட்டுமுகப் பகடை, சராசரி 22.5 ஹிட் பாயின்ட் அளவுக்கு எதிரிகள் தூங்குவார்கள். ஒரு கோப்ளினுக்கு 7 பாயின்ட். உங்கள் பெரிய சண்டை ஒரே மந்திரத்தில் தூங்கிப்போகும். தடுக்காதீர்கள், அந்த வெற்றி அவர்களுக்கு வேண்டும்.

முதல் செஷன்

பெரியவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை? இளம் நாயகர் கதையில் எல்லோர் மனதிலும் எழும் கேள்வி இது. பதில் எளிமையாக இருக்கட்டும். உதாரணத்துக்கு, மலைமேல் காவல் கோபுரத்தில் இரண்டு இரவாக விளக்கு எரியவில்லை. ஊரின் திடகாத்திரமான ஆட்கள் அறுவடைக்குப் போயிருக்கிறார்கள். பயிற்சி ஆசிரியருக்குக் கால் முறிந்திருக்கிறது. "போய்ப் பார்த்துவிட்டு வாங்க, எதிலும் தலையிடாதீங்க" என்று அனுப்புகிறார். கையில் இரண்டு ஹீலிங் போஷன், ஒரு ஹீலர்ஸ் கிட். போஷன் இரண்டு நான்குமுகப் பகடை கூட்டல் 2 உயிர் தரும். கிட் இருந்தால் விழுந்தவரை உருட்டாமலே நிலைப்படுத்தலாம்.

இடங்கள் மூன்று போதும். ஆற்றுத் துறையில் பாலம் உடைந்திருக்கிறது; சண்டை இல்லை, கடப்பது எப்படி என்று யோசிக்க வேண்டும். இங்கே எல்லோரையும் ஒரு முறையாவது பகடை உருட்ட வையுங்கள், ரோலர் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அடுத்து கோபுரத்தின் அடித்தளத்தில் எண்ணெய்க் கிடங்கு, நான்கு ராட்சத எலிகள்; கணக்கில் சரியாக 200. எலி நான்குக்கும் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று தீர்மானிக்கும் பகடை) உருட்டுங்கள், சண்டை வேகமாக நகரும். மேலே இரண்டு கோப்ளின்கள், காவலாளியைக் கட்டிவைத்திருக்கின்றன, அவையும் எதற்கோ பயந்து ஒளிந்திருக்கின்றன. பேசலாம், ஏமாற்றலாம், சண்டையும் போடலாம். எதற்குப் பயந்தன என்பதுதான் அடுத்த செஷன்.

சண்டையில் யாராவது விழுந்தால் அவர் இருபது நிமிடம் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆளை இழப்பது அங்கேதான். உடனே கட்டிவைத்த காவலாளியையோ ஒரு கோப்ளினையோ அவரிடம் கொடுத்துப் பேச வையுங்கள்.

ஊர்க்காரர்களைப் பேசவைக்கும்போது தொடக்கத்தில் "டேய், நீயா போற?" என்றே பேசுங்கள். விளக்கு மறுபடி எரிந்த பிறகு, கடைக்கார அம்மா ஒருத்தி மட்டும் "நீங்க" என்று கூப்பிடட்டும். தமிழில் ஆடும் குழுவுக்கு இது நூறு பொற்காசைவிடப் பெரிய பரிசு.

லெவல் ஏற்ற எக்ஸ்பி எண்ண வேண்டாம். இரண்டாம் லெவலுக்கு ஆளுக்கு 300 வேண்டும். மேலே சொன்ன இரண்டு சண்டையும் சேர்ந்து ஆளுக்கு 50தான் தரும். கதைத் திருப்பத்தை வைத்து ஏற்றுங்கள்: இரண்டாவது செஷன் முடிவில் இரண்டாம் லெவல், ஐந்தாவதில் மூன்றாம் லெவல்.

செஷன் முடிந்த அன்றே டிஸ்கார்டில் ஐந்து வரிச் சுருக்கம் போடுங்கள்: எங்கே நிற்கிறார்கள், யார் பெயர் என்ன, எத்தனை போஷன் மிச்சம், யாருக்கு எத்தனை ஹிட் பாயின்ட். கூடவே "அடுத்து எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் புதன்கிழமைக்குள் பதில் வாங்கிவிடுங்கள். அவர்கள் சொன்ன இடத்துக்கு மட்டும் மேப் வரைந்தால் போதும்.