பட்டப்படிப்போடு ஒரு மைனர்: தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் படிப்படியான விளக்கம்

கெடா மாநிலத்தின் பாடாங் செராய், கூலிம் பக்கத்தில் யூ.பி.யூ (அரசுப் பல்கலைக்கழக இடத்துக்கான விண்ணப்பம்) முடிவு வரும் நாளில் பல வீடுகளில் ஒரே கதைதான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கும், கேட்ட துறை கிடைத்திருக்காது. கணினி கேட்டவருக்கு இயற்பியல், கணக்கியல் கேட்டவருக்கு வேளாண்மை என்று பட்டியலில் கடைசியாகப் போட்டது வந்து நிற்கும். "கிடைச்சதைப் படி" என்பார்கள் வீட்டில். சரி, படியுங்கள். கூடவே, விரும்பிய துறையையும் முறையாகப் படித்துச் சான்றோடு வெளியே வர வழி இருக்கிறது. அதுதான் மைனர், அதாவது பட்டத்துறையோடு சேர்த்துப் படிக்கும் இரண்டாவது சிறு துறை. நம் பிள்ளைகள் பலர் இதை மூன்றாம் வருடத்தில்தான் கேள்விப்படுகிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. முதல் செமஸ்டரிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

படி 1: கிரெடிட்டை எண்ணுங்கள்

உங்கள் துறையின் பாடத்திட்டக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அதில் பல்கலைக்கழகக் கட்டாயப் பாடங்கள், துறைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள் என்று பிரித்திருப்பார்கள். விருப்பப் பாடங்களுக்கு எத்தனை கிரெடிட் என்பதைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். மைனருக்குப் பல இடங்களில் 20 கிரெடிட்டை ஒட்டிக் கேட்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் நெருங்கி வந்தால் கூடுதல் செமஸ்டர் தேவைப்படாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கவிருந்த பாடங்களை ஒரே துறையில் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, அசைன்மென்ட், சொந்தமாகப் படிப்பது எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் என்றால் 800 மணி நேரம். எப்படியும் செலவாகப் போகிற அந்த நேரத்தை ஒரு திறமையாக மாற்றிக்கொள்வதுதான் மைனரின் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன்.

மருத்துவம், பல் மருத்துவம் போன்ற துறைகளில் இதற்கு இடமே இருக்காது. பொறியியலிலும் கிரெடிட் கூடுதலாகக் கேட்பதால் நெருக்கடிதான்.

படி 2: எதை எடுப்பது?

இங்கே அவசரப்படாதீர்கள். "எது சுலபம்?" என்று சீனியரிடம் கேட்டு எடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதைவிட, நீங்கள் பார்க்க ஆசைப்படும் வேலையை ஒரு தாளில் எழுதி, அந்த வேலையில் உங்கள் பட்டம் எதைச் சொல்லித்தராது என்று பாருங்கள்.

வேளாண்மை படிக்கும் ஒரு பிள்ளை தோட்டத்தில் உதவி மேனேஜராக வர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மண், உரம், செம்பனை நோய் எல்லாம் பட்டத்திலேயே வந்துவிடும். ஆனால் வேலையில் சேர்ந்ததும் காலையில் பெரட்டில் (தொழிலாளர்கள் கூடும் இடத்தில்) ஆள் பிரித்துவிட வேண்டும், செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) பார்க்க வேண்டும், சம்பளக் கணக்கில் தகராறு வந்தால் தீர்த்துவைக்க வேண்டும். இதற்கெல்லாம் நிர்வாகமோ கணக்கியலோ மைனராக இருந்தால் கை கொடுக்கும். அதே தாளில் இன்னொருவர் கூலிம் ஹைடெக் பார்க் என்று எழுதலாம். அங்கே இன்டெல், இன்ஃபினியன் போன்ற ஆலைகள் இருக்கின்றன. இயற்பியல் படிப்பவர் கணினியியலையோ புள்ளியியலையோ மைனராக எடுத்தால், ஆலையில் குவியும் அளவீடுகளை வைத்து வேலை செய்யத் தெரிந்தவராகப் போய் நிற்பார்.

ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டாத சிறிய பள்ளிகள். ஆசிரியர் எண்ணிக்கையும் குறைவு, ஒருவரே பல பாடம் எடுக்க வேண்டிவரும். இரண்டாவது பாடத்தையும் முறையாகப் படித்த ஆசிரியர் அங்கே எத்தனை பிள்ளைகளுக்கு உதவியாக இருப்பார்!

வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஆசைக்காக இசையோ வரலாறோ எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். ஆசைப்பட்ட பாடம் வாரத்தில் இரண்டு நாள் இருந்தாலே, ஒட்டாத துறையையும் படித்து முடிக்கத் தெம்பு வரும்.

படி 3: புள்ளியில் என்ன ஆகும் என்று பாருங்கள்

மைனர் பாடங்களின் புள்ளியும் பொதுவாக சி.ஜி.பி.ஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) கணக்கில் சேரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிரெடிட்டில் 3.70 வைத்திருக்கிறீர்கள். மைனரின் 20 கிரெடிட்டில் 3.00 வருகிறது. 370-ஐயும் 60-ஐயும் கூட்டி 120-ஆல் வகுத்தால் 3.58. முதல் வகுப்பின் எல்லையில் நிற்பவரை இது கீழே இறக்கிவிடும். முதல் வகுப்பில் தேறியவர்கள் பி.டி.பி.டி.என் எனும் அரசு உயர்கல்விக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்க வழி இருப்பதால் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அந்த நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், நேரடியாக அவர்களிடமே கேளுங்கள். பயந்துபோய் மைனரை விட்டுவிட வேண்டாம். கொஞ்சமாவது அடித்தளம் உள்ள துறையாகப் பார்த்து எடுங்கள்.

படி 4: செமஸ்டர் வாரியாகக் கட்டம் போடுங்கள்

ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு கட்டம். முதலில் துறைப் பாடங்களை நிரப்புங்கள். அப்புறம் மைனர் பாடங்கள். சில பாடங்கள் வருடத்தில் ஒரு செமஸ்டரில் மட்டும் வரும், சிலவற்றுக்கு முன்பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். தொழிற்பயிற்சி செமஸ்டரில் எதையும் போடாதீர்கள். கட்டம் வழிந்து ஒரு செமஸ்டர் கூடினால் கடன் தொகை அதுவரை வராமல் போகலாம். அறை வாடகையும் சாப்பாடும் அப்பா அம்மா தலையில் விழும். அப்படி வந்தால் மைனரை விட்டுவிட்டு இரண்டு மூன்று பாடங்களை மட்டும் எடுப்பது நல்லது.

படி 5: ஆலோசகரைப் பாருங்கள், பதிவு செய்யுங்கள்

அந்தத் தாளோடு உங்கள் கல்வி ஆலோசகரிடம் போங்கள். சும்மா போய் "மைனர் எடுக்கலாமா சார்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தாளை நீட்டினால் எந்தப் பாடம் மோதும், எதை மாற்றி வைக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவார். மைனர் தரும் துறைக்கும் ஒரு நடை போங்கள். இட எண்ணிக்கை, குறைந்தபட்ச சி.ஜி.பி.ஏ, விண்ணப்பத் தேதி மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தான விண்ணப்பப் பாரத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் மாணவர் பதிவேட்டைத் திறந்து மைனரின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பாடங்களை முடித்தும் பதிவில் வராவிட்டால் டிரான்ஸ்கிரிப்டில் வராது. பட்டமளிப்புக்கு முன்பே பதிவாளர் அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.