சிறையில் இருப்பவருக்கு ஓர் அஞ்சலட்டை

கருத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு ஆதரவாக நாலு வரி எழுத வேண்டுமா? டிசம்பர் 10, மனித உரிமை நாளையொட்டி ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு ஆண்டுதோறும் கடித இயக்கம் நடத்துகிறது. யாருக்கு, எப்படி எழுதலாம் என்ற குறிப்பும் தருகிறார்கள். அதை முதலில் படியுங்கள். சில கைதிகளுக்கு, கடிதத்தில் அந்த அமைப்பின் பெயரைக் குறிப்பிட்டாலே ஆபத்து.

கடிதத்தைச் சிறை அதிகாரிதான் முதலில் படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள். வழக்கு, அரசியல், அரசைத் திட்டுவது எதுவும் வேண்டாம். ‘உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதே போதும். என்னைக் கேட்டால், உறையைவிடப் படம் போட்ட அஞ்சலட்டை மேல். மொழி தெரியாதவருக்கும் படம் புரியும். கைதியின் கைக்கே போகாவிட்டாலும், தபால் குவியக் குவிய வெளியே ஆட்கள் கவனிக்கிறார்கள் என்பது சிறை நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். பதிலை எதிர்பார்க்காதீர்கள். தயக்கமிருந்தால் உங்கள் வீட்டு முகவரியை விட்டுவிடலாம்.