கொலுசுப் பட்டறைப் பதிவில் நேரக் குறிகளை ஏற்றுவது

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்கிறோம். ஹெட்ஃபோனில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி திரும்பத் திரும்ப வரும். எப்போதாவது 2000 ஹெர்ட்ஸ் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அந்த அரிய ஒலிக்குப் பின் 300 மில்லிசெகண்டை ஒட்டி எழும் அலைதான் நமக்கு வேண்டியது. ஒலி வந்த நேரம் தப்பினால், கூலியை விட்டுவிட்டு வந்து தலையில் பசையோடு உட்கார்ந்தவரின் பொறுமை வீணாகிவிடும். அதனால்தான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லித் தருகிறேன்.

ஒலி கொடுத்த கம்ப்யூட்டரின் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமியுங்கள். ஒலிக்கு ஒரு வரி: முதலில் நேரம், அடுத்து வகை. வகைக்கு 1, 2 என்று எண்ணே போதும். பெயர் வைத்து அதில் இடைவெளி விட்டால் அது இரண்டு பத்தியாகிவிடும்.

மூளை அலைப் பதிவை அலசும் மென்பொருள் ஈஈஜிலேப் (EEGLAB); மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளுக்குள் ஓடும். அதில் ஃபைல் மெனுவில் இம்போர்ட் ஈவென்ட் இன்ஃபோவைத் திறங்கள். பத்திகளின் பெயராக லேட்டன்சி (latency, நேரம்), டைப் (type, வகை) என்று ஃபைலில் உள்ள அதே வரிசையில் கொடுங்கள். தலைப்பு வரி இருந்தால் அதைத் தாண்டச் சொல்லுங்கள்.

அப்புறம் நேர அலகு. நிதானம் வேண்டிய இடம் இதுதான். நேரம் செகண்டில் இருந்தால் 1, மில்லிசெகண்டில் இருந்தால் 0.001, சாம்பிள் எண்ணாக, அதாவது பதிவில் எத்தனையாவது அளவீடு என்ற எண்ணாக, இருந்தால் என்.ஏ.என் (NaN). செகண்டுக்கு 500 சாம்பிள் எடுத்த பதிவில் 12.4 செகண்ட் என்பது 6200-ஐ ஒட்டிய சாம்பிள். அந்த 6200-ஐ மில்லிசெகண்ட் என்று கொடுத்தால் குறி 6.2 செகண்டில் போய் உட்காரும். பதிவுக்குள்ளேயே விழுவதால் மென்பொருள் ஒன்றும் சொல்லாது. சராசரி எடுத்தால் அலை மட்டும் காணாமல் போயிருக்கும்.

பதிவிலேயே டிரிகர் குறிகள், அதாவது ஒலி வந்தபோதே பதிவில் விழுந்த குறிகள், இருந்தால், ஒத்திசைவுக் (align) கட்டத்தில் 0 கொடுங்கள். பதிவின் முதல் குறியோடு ஃபைலின் முதல் குறி பொருந்தும். மேட்லேப் திரையில் பழைய நேரமும் புதிய நேரமும் வரும், ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் சில குறிகள் மட்டும் போதாது, கடைசிக் குறிகளையும் பாருங்கள். ஒலி கொடுத்தது, அலையைப் பதிவு செய்தது என்று இரண்டு கம்ப்யூட்டர் கடிகாரமும் மெல்ல மெல்ல விலகும்.

சரி, ஒவ்வொரு ஒலியைச் சுற்றியும் ஒரு துண்டு என்று பதிவை எபோக்காக வெட்டியாயிற்று. பட்டன் அழுத்திய நேரத்தை இம்போர்ட் எபோக் இன்ஃபோவில் ஏற்றலாம், எபோக்குக்கு ஒரு வரி. பதிவின் ஓரத்தில் முழுதாகக் கிடைக்காத எபோக்கும், அசைவுக்காக நீக்கியதும் கணக்கில் இருக்காது. அவற்றின் வரிகளை ஃபைலிலிருந்தும் எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.