மாயன் இடிபாடுகள்: வழிகாட்டியோடு போவதா, நாமே சுற்றுவதா? பலரும் சறுக்கும் இடங்கள்

மெக்சிகோவின் கான்கூன் கடற்கரை ஓட்டல்களில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் விளம்பரத் தாள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சிச்சேன் இட்சா என்கிற மாயன் இடிபாடு, செனோட்டே எனப்படும் சுண்ணாம்புக்கல் குழிக் குளத்தில் குளியல், மதிய பஃபே, வல்லதோலித் நகரம், எல்லாம் ஒரே நாளில். அதற்குப் பணம் கட்டிவிட்டு "வழிகாட்டியோடு போகிறோம்" என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அங்கே பெரும்பாலும் விற்கப்படுவது பேருந்து இருக்கை. கூடவே ஒருவர் வந்து நாற்பது பேருக்கு இரண்டு மொழிகளில் மாற்றி மாற்றிப் பேசுவார். கும்பலோடு கோவிந்தாதான்.

டூர் என்று ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: போய்வரும் வண்டி, இடத்தைப் பற்றிய விளக்கம், அங்கே நிற்கிற நேரம். மூன்றையும் ஒரே ஆளிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் நாள் இரவு வல்லதோலித்தில் தங்கினால் சிச்சேன் இட்சா நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். கொலெக்தீவோ என்கிற ஷேர் வேன் ஏறி, எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்கலாம். விளக்கம் வேண்டுமா, உரிமம் பெற்ற வழிகாட்டிகள் வாசலிலேயே இருப்பார்கள். ஆக, வண்டியும் நேரமும் உங்கள் கையில். விளக்கத்துக்கு மட்டும் காசு.

கான்கூனிலிருந்து பேருந்தில் போனால் என்ன ஆகிறது? தூரம் சுமார் 200 கிலோமீட்டர், நேராகப் போனாலே இரண்டரை மணி நேரம். ஓட்டல் ஓட்டலாக ஆள் ஏற்றிக்கொண்டு, நடுவில் ஒரு கைவினைப் பொருள் கடையில் நிறுத்தி, உள்ளே நுழையும்போது மொட்டை வெயில் ஏறியிருக்கும். சிச்சேன் இட்சாவின் குக்குல்கான் பிரமிடைச் சுற்றிலும் பரந்த வெட்டவெளி, நிழலுக்கு ஓரத்து மரங்களைத் தேடித்தான் போக வேண்டும். செனோட்டேவுக்கும் பஃபேவுக்கும் நேரம் ஒதுக்கியபின் இடிபாட்டுக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம், சில சமயம் அதுவும் இல்லை. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இடிபாட்டுக்குள் எத்தனை மணி நேரம்? அதில் நாங்களாகச் சுற்ற எவ்வளவு?" மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்பதையும் கேட்டுவிடுங்கள். சிச்சேன் இட்சாவில் மத்திய அரசுக்கு ஒன்று, யுகாத்தான் மாநிலத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம். மலிவு டூர்களில் இதைப் பேருந்துக்குள் வைத்துத் தனியாக வசூலிப்பது சாதாரணம்.

சரி, தனியாகப் போகிறவர்கள் மட்டும் கெட்டிக்காரர்களா என்றால், அவர்கள் கோட்டை விடுவது கடிகாரத்தில். கான்கூனும் துலூமும் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015-லிருந்து தனி நேர மண்டலம். பக்கத்து யுகாத்தானைவிட ஒரு மணி நேரம் முந்தி. காலை ஆறுக்குக் காரில் கான்கூனை விட்டால், இரண்டரை மணி நேரம் ஓட்டியபின்னும் சிச்சேன் இட்சாவில் ஏழரைதான். போகும்போது இனிக்கும் இந்தக் கணக்கு திரும்பும்போது கசக்கும். மாலை விமானத்தை வைத்துக்கொண்டு இடிபாட்டிலிருந்து நேரே கான்கூன் ஓடுகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று, பழைய படங்களை நம்புவது. குக்குல்கான் பிரமிடின் உச்சியில் நின்று கைவிரித்த படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஏறுவது தடை செய்யப்பட்டுப் பல வருடங்கள் ஆயிற்று. உயரத்திலிருந்து பார்க்கும் ஆசை இருந்தால் குவாத்தமாலாவில் இருக்கும் திகாலுக்குப் போங்கள்.

திகாலில் நான் தனியாகச் சுற்றுவதன் பக்கம். அங்கே கோயில்களுக்குச் சமமாகக் காடும் ஒரு காட்சி. ஊளைக் குரங்குகளின் உறுமல் புலியோ என்று பயமுறுத்தும். கோட்டி என்கிற நீண்ட மூக்குச் சிறு விலங்குகள் வாலைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடக்கும். இருபது பேர் பேசிக்கொண்டு நடந்தால் இதில் பாதி கிடைக்காது. நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். மரப் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்தால் மரக் கடலுக்கு மேல் மற்ற கோயில்களின் தலைகள் மட்டும் தெரியும். அங்கே யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் சூரிய உதயத்தை அங்கிருந்து பார்க்க வேண்டுமென்றால் தனி டிக்கெட் வேண்டும், வழிகாட்டியும் கட்டாயம். அதற்காக இருட்டில் அடித்துப் பிடித்துப் போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளட்டும்: பல விடியல்களில் காடு முழுக்க மூடுபனிதான். சூரியன் தெரியாமல் காடு விழிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். எனக்கு அதுவே போதும். உங்களுக்குப் போதாது என்றால் காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தபின் போவதே மேல்.

ஹோண்டுராஸின் கோப்பானில் என் கட்சி அப்படியே மாறிவிடும். அங்கே வழிகாட்டி இல்லாமல் போவது, மொழி தெரியாத நாடகத்துக்குப் போவது மாதிரி. எழுத்துப் படிக்கட்டு என்று ஒன்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக்கள், இதுவரை தெரிந்த மாயன் கல்வெட்டுகளிலேயே மிக நீளமானது. வரிசையாக, ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கீழ்ப் படிகளைத் தவிர மற்றக் கற்கள் சரிந்து கிடந்தவை. 1930-களில் திரும்ப அடுக்கியபோது அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் வாசகம் முன்னும் பின்னுமாகக் கலைந்துதான் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சதுரப் பலிபீடம், பக்கத்துக்கு நான்கு பேராகப் பதினாறு அரசர்கள். சும்மா பார்த்தால் சம்மணமிட்ட பதினாறு உருவங்கள், அவ்வளவுதான். பலிபீடத்தைச் செய்வித்த பதினாறாம் அரசருக்கு முந்நூறு வருடங்களுக்கும் மேல் முன்னாலேயே செத்துப்போன முதல் அரசர், அவர் கையில் ஆட்சிச் சின்னத்தைக் கொடுக்கிற காட்சி அது என்று ஒருவர் விரல் நீட்டிச் சொன்னால் கல் பேசத் தொடங்கிவிடும். வெளியே இருப்பது நகல், அசல் அருங்காட்சியகத்தில் என்பதையும் அவரே சொல்வார்.

சில இடங்களில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. பெலீஸின் ஆக்துன் துனிச்சில் முக்னால் குகைக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். ஒரு பயணியின் கேமரா விழுந்து பழங்கால மண்டையோட்டில் ஓட்டை விழுந்ததால் 2012 முதல் கேமராவுக்கும் அனுமதி இல்லை. மெக்சிகோவின் யாஷ்சிலானுக்கு உசுமசிந்தா ஆற்றில் படகில்தான் போக முடியும். வாடகை படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஒண்டியாளாகப் போய்ப் பேரம் பேசி வீரம் காட்டுவதைவிட, பலேங்கே ஊரிலிருந்து கிளம்பும் குழுவோடு சேர்ந்துகொள்வது பர்ஸுக்கு நல்லது. பக்கத்து போனம்பாக்கின் சுவரோவியங்களையும் பெரும்பாலும் அதே நாளில் காட்டிவிடுவார்கள். பொட்டலமாக வாங்குவது உண்மையிலேயே லாபம் என்றால் அது இங்கேதான்.

வாசலில் வழிகாட்டியைப் பிடிப்பதிலும் அவசரம் வேண்டாம். முதலில் கழுத்தில் அரசு அடையாள அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். தொகை குழுவுக்கா தலைக்கா, எத்தனை நிமிடம், எந்த மொழி என்று நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். இன்னும் இரண்டு மூன்று பயணிகளைச் சேர்த்துக்கொண்டால் செலவு பங்காகிவிடும். அப்புறம், என் சொந்தப் பரிட்சை ஒன்று உண்டு: "மாயன் பந்தாட்டத்தில் ஜெயித்தவரைப் பலியிட்டார்களா, தோற்றவரையா?" சட்டென்று ஒரு பக்கத்தை அடித்துச் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறையும். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. "மாயன்கள் ஒருநாள் மர்மமாக மறைந்துபோனார்கள்" என்று ஆரம்பிக்கிறவர் இன்னும் மோசம். யுகாத்தானிலும் குவாத்தமாலாவிலும் பல லட்சம் பேர் இன்றும் மாயன் மொழிகள் பேசுகிறார்கள். சொல்கிறவரே வீட்டில் அம்மாவிடம் மாயா பேசுகிறவராக இருக்கலாம்! கதைக்காக அதை மறைத்துவிடுவார்.

நல்ல வழிகாட்டி கிடைத்தாலும் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் அவர் கைகொடுத்து விடைபெற்றதும் எல்லாரும் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே இருக்க யாரும் தடை சொல்லவில்லை, மூடும்வரை இருக்கலாம். அவர் காட்டிய இடங்களுக்கு இன்னொரு தடவை, இந்தத் தடவை பேச்சில்லாமல் போய்ப் பாருங்கள். சிச்சேன் இட்சாவின் பெரிய பந்தாட்ட மைதானம் 168 மீட்டர் நீளம். சுவரடியில் கீழே குனிந்தால் அந்தப் பலிக் காட்சி செதுக்கியிருக்கும். மண்டியிட்ட ஆட்டக்காரனுக்குத் தலை இல்லை, கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகச் சீறுகிறது. நடுவில் ஒன்று மட்டும் பாம்பாக இல்லாமல் கொடியாகப் படர்ந்து பூத்திருக்கும்.